அன்பளிப்பு என்று எழுதியிருந்த தங்கம்

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடியபோது, பக்கத்து ஃபிளாட்டில் இருந்த அண்ணை ஒருவர்தான் எனக்கு அந்தத் துப்புரவு வேலையை எடுத்துத் தந்தார். நகரின் நடுவில், இரண்டு மாடிகள் மட்டும் கொண்ட ஒரு தனியார் அருங்காட்சியகம். "பாரம் தூக்கிறேல்லை, குளிருக்க நிக்கிறேல்லை. கண்ணாடி துடைச்சுக்கொண்டு நிண்டாச் சரி" என்றார். அவர் சொன்னது உண்மைதான். மூன்று வருடமாகத் தையல் மெஷின் சத்தத்தில் இருந்து வந்தவனுக்கு அந்த இடத்தின் அமைதியே பெரிய சுகமாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பின்னான முதல் வருடங்கள் அவை. ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம். அந்த இடைவெளிக்குள் கொழும்புக்குப் போய்க் கல்யாணம் கட்டிவிட்டு, மனைவியை அங்கேயே ஒரு வாடகை அறையில் விட்டுவிட்டுத் திரும்பியிருந்தேன். அவளைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் காட் வாங்கி அவளோடு கதைப்பேன். ஒவ்வொரு முறையும் அவள் கேட்பது ஒன்றைத்தான்: "கடிதம் வந்ததே?" வேலை நிரந்தரமாக இருந்தால்தான் ஸ்பொன்சர் இழுபடாது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்த வேலையை நான் கண்ணாடிப் பாத்திரம் போலப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாரிகாலம் மேல்மாடியை வெறுமையாக்கி, மேற்கு ஆபிரிக்காவின் தங்க இராச்சியங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். பொருட்கள் எல்லாம் தனியார் சேகரிப்புகளிலிருந்து இரவலாக வந்தவை. மோதிரங்கள், வாள்பிடிகள், பித்தளைப் படிக்கற்கள், கடைசிக் கண்ணாடிக் கூண்டில் ஒரு பெரிய தங்க வட்டத் தகடு. அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் காவலுக்கு நிறுத்தப்பட்டவர், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பினப் பெண். கருநீலக் கோட்டு, கழுத்து வரை பூட்டிய பொத்தான்கள். முதல் வாரம் அவரும் நானும் தலையசைத்துக்கொண்டதோடு சரி.

இரண்டாவது வாரம் ஒரு காலை, ஆட்கள் வருவதற்கு முன் நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்தபடி நின்று, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இந்த வேலையைச் செய்திருந்தால் உன் தலை போயிருக்கும்."

நான் விளக்குமாற்றை நிறுத்திவிட்டேன். அவர் சிரித்தார். கானாவில் குமாசி அவருடைய நகரம். அசாந்தி இராச்சியத்தின் தலைநகரம். அந்தக் காலத்தில் தங்கத்தூள்தான் அங்கே காசு. உப்பு வாங்கினாலும் மீன் வாங்கினாலும் தூளை நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு சின்னத் தராசும், பறவை மீன் முதலை வடிவில் செய்த படிக்கற்களும் இருந்தன. நிறுக்கும்போது சந்தை மண்ணில் சிந்துகிற தூளை ஒருவரும் பொறுக்கக்கூடாது. அது அரசருடையது. கஜானா வற்றிய நேரம் அரசர் உத்தரவிட்டால் மட்டும் அந்த மண்ணை அள்ளிக் கழுவுவார்கள். "ஆகவே நீ கூட்டுவதற்கு முன் என்னைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் கதைக்கத் தொடங்கினோம். இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை என்பதால் ஆங்கிலத்தில்தான். எனக்கு அவர் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மனதுக்குள் அக்கா என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் வாய் தவறி அப்படியே கூப்பிட்டும் விட்டேன். பொருள் கேட்டார். சொன்னதும், இனி அப்படியே கூப்பிடு என்றார்.

காலையில் திறப்பதற்கு முன் அரைமணி, மதியச் சாப்பாட்டில் அரைமணி. அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த நேரம். அதற்குள் அவர் ஒரு இராச்சியத்தையே எனக்குச் சொல்லி முடித்தார். பள்ளிக்கூடத்தில் படித்ததைப் போல அல்ல, சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். முதலில் அவர்கள் இன்னொரு அரசுக்குத் திறை கட்டிய சின்னச் சின்ன ஊர்களாகத்தான் இருந்தார்களாம். காட்டுக்குள் தங்கம் இருந்தது. வடக்கே பாலைவனத்தைத் தாண்டி உப்பு வந்தது. தெற்கே கடற்கரையில் வெள்ளைக்காரர் துப்பாக்கியோடும் துணியோடும் காத்திருந்தார்கள். நடுவில் நின்றவர்கள் ஒன்றுசேர்ந்து, திறை வாங்கியவனையே அடித்துவிட்டு, இரண்டு பக்கத்துப் பாதைகளையும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பூசாரி வானத்திலிருந்து ஒரு தங்க ஆசனத்தை இறக்கினார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதில் யாரும் உட்காருவதில்லை, அரசர்கூட. அது மனிதர் இருக்கிற கதிரை அல்ல, முழுச் சனத்தினதும் உயிர் என்றார்.

கடற்கரைக் கோட்டைகளைப் பற்றி அவர் சொன்னபோது நான் இடையில் மறித்தேன். முதலில் கட்டியவன் போர்த்துக்கேயன், அடித்துப் பிடித்தவன் ஒல்லாந்தன், கடைசியாக வந்தவன் ஆங்கிலேயன் என்று அவர் வரிசை சொல்லிக்கொண்டு போனார். "இது எங்களுடைய கோட்டையல்லவா" என்று கேட்டேன். யாழ்ப்பாணக் கோட்டைக்கும் அதே மூன்று பேர், அதே ஒழுங்கில்தான். எங்கள் கடைசி அரசனைப் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றதைச் சொன்னேன். கண்டியின் கடைசி அரசனை ஆங்கிலேயர் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்ததையும் சொன்னேன். அவர் தன் அரசரை அவர்கள் கப்பல் ஏற்றி சீஷெல்ஸ் தீவுகளுக்கு அனுப்பியதைச் சொன்னார். அதற்குப் பிறகு ஆங்கிலேய ஆளுநர் குமாசிக்கு வந்து, அந்தத் தங்க ஆசனம் எங்கே, நான் அதில் உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆண்கள் தயங்கி நின்றபோது ஒரு இராசமாதா முன்னுக்கு வந்து போரை நடத்தினாராம். தோற்றார்கள். அவரையும் அதே தீவுக்கு அனுப்பினார்கள். அங்கேயே இறந்துபோனார். ஆனால் ஆசனத்தை ஆங்கிலேயரின் கண்ணில் காட்டவே இல்லை.

"எங்கள் கண்டிச் சிம்மாசனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்றேன். "அது ஒல்லாந்தர் கண்டி அரசருக்குக் கொடுத்தது. உண்மையிலேயே அன்பளிப்பு. ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், நூறு வருடத்துக்கு மேல் வைத்திருந்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்."

"திருப்பிக் கொடுத்தார்களா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பவில்லை. அடுத்த நாளும் கேட்டார். உண்மையாகவே திருப்பிக் கொடுத்தார்களா என்று.

தன்னுடைய ஆட்களின் குற்றத்தையும் அவர் மறைக்கவில்லை. தங்கம் மட்டும் விற்று அந்த இராச்சியம் வளரவில்லை. போரில் பிடித்த மனிதர்களையும் கடற்கரைக் கோட்டைகளுக்கு விற்றார்கள். சிலரைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். அப்படித் தங்கியவர்களின் பிள்ளைகள் காலப்போக்கில் ஊராருடன் கலந்துபோனார்கள். அதற்காகவே முதல் அரசர் ஒரு சட்டம் போட்டாராம்: இன்னொருவர் எங்கிருந்து வந்தவர் என்பதை வெளியே எடுத்துச் சொல்லக்கூடாது. சொன்னால் கடும் தண்டனை. மொன்றியலில் ஒரு தமிழரைப் புதிதாகக் கண்டால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி "ஊரில எவ்விடம்?" என்பது. ஊரைக் கேட்டு, வட்டாரத்தைக் கேட்டு, கோயிலைக் கேட்டு, ஆள் என்ன சாதி என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டோம். அதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

கடைசிக் கூண்டில் இருந்த வட்டத் தகட்டைப் பற்றி அவர் பல நாட்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார். அரசரின் ஆன்மாவைத் தூய்மை செய்கிறவர்கள் என்று அரண்மனையில் சிலர் இருப்பார்களாம். அவர்கள் நெஞ்சில் தொங்கவிடுகிற தகடு அது. தன் தாயின் வழியில் அந்த ஊழியம் இருந்தது என்றார். இப்போதும் ஒரு மாமன் விழாக்காலத்தில் அதைப் போன்ற தகடு அணிந்து அரசருக்கு முன் இருப்பாராம். கூண்டுக்குக் கீழே விளக்கச் சீட்டில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: அரசர் ஒரு ஆங்கிலேய அதிகாரிக்கு வழங்கிய அன்பளிப்பு.

அது பொய் என்றார் அக்கா. அரசரைத் தீவுக்கு அனுப்பியதற்கு இருபது வருடம் முன்பே, வேறொரு அரசரின் காலத்தில், ஆங்கிலேயப் படை குமாசிக்குள் நுழைந்தபோது அந்த அரசர் நகரை விட்டுப் போய்விட்டார். படை அரண்மனையைக் கொள்ளையடித்து, வெடிவைத்துத் தகர்த்து, நகரத்தை எரித்தது. எடுத்த தங்கத்தை ஏலம் போட்டார்கள். இந்த வகைத் தகடு அன்பளிப்பாகக் கொடுக்கிற பொருள் அல்ல என்றார். "உங்கள் பெண்கள் கழுத்துத் தாலியைக் கழற்றி வழியில் போகிறவனுக்குக் கொடுப்பார்களா?" என்று கேட்டார். கல்யாணப் படத்தை நான் அவருக்குக் காட்டியிருந்தேன்.

அவர் முதலில் முறைப்படிதான் செய்தார். சீட்டை மாற்றும்படி அருங்காட்சியகத்துக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். கோபமான ஒரு சொல்கூட அதில் இருக்கவில்லை. நன்றாக இருக்கிறது அக்கா, கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். மூன்று வாரம் கழித்து, கண்காட்சிக்குப் பொறுப்பான இளம் பெண் வந்து, சீட்டில் உள்ள வாசகம் பொருளின் சொந்தக்காரர் கொடுத்தது, மாற்ற முடியாது, மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா நன்றி சொன்னார். தன் இடத்தில் போய் நின்றார். எட்டு மணித்தியாலம், அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அது நடந்தது. வயதான ஒரு கணவனும் மனைவியும் அந்தக் கூண்டின் முன் நின்றார்கள். நான் அடுத்த கூண்டின் கண்ணாடியில் பிள்ளைகள் பதித்த கைரேகைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்தடி தூரம் இருக்காது. அந்த மனிதர் சீட்டைச் சத்தமாக வாசித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, நீ அந்தப் பக்கத்தவளா என்று கேட்டார். ஆம் என்றார். அப்படியென்றால் உன் அரசர் இவ்வளவு தாராளமானவர் என்பதில் உனக்குப் பெருமையாக இருக்குமே என்றார்.

அக்கா மெதுவாகத்தான் பதில் சொன்னார். "அவர் கொடுக்கவில்லை, ஐயா. எங்கள் அரண்மனையை உடைத்து எடுத்தார்கள். நான் அந்த நகரத்தில் பிறந்தவள்."

அந்த மனிதரின் முகம் சிவந்தது. சீட்டில் எழுதியிருப்பது உனக்குத் தெரியவில்லையா என்றார். தெரிகிறது, ஆனால் அது பிழை என்றார் அக்கா. மனைவி கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர்கள் போய்விட்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தோளை ஒருமுறை உயர்த்தி இறக்கினார்.

திங்கட்கிழமை சுப்பவைசர் என்னைக் கீழே கூப்பிட்டார். காவலும் துப்புரவும் ஒரே ஒப்பந்த நிறுவனத்தின் கையில் இருந்ததால் எங்கள் இருவருக்கும் மேலே அவர்தான். சனிக்கிழமை வந்த அந்த மனிதர் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருந்தார். காவல்காரி தானாக வலியவந்து தன்னோடு வாதாடினாள், கத்தினாள், வழியை மறித்தாள் என்று. காவலுக்கு நிற்கிறவர்கள் காட்சிப் பொருட்களைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது விதி. ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்னால் ஒரு எச்சரிக்கையோடு முடியும் என்று சுப்பவைசரே சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "நீ அங்கே நின்றாய். அவள் கத்தினாளா? அவர் கேட்டாரா, அவளாகத் தொடங்கினாளா?" என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். இரண்டே வசனம். ஆனால் அந்த மேசைக்கு முன் நின்றபோது எனக்கு வந்தது வேறொரு சொல். ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பில் வரிசையாக நிற்கவைத்து, இவனைத் தெரியுமா, அந்த வீட்டுக்கு யார் வந்து போனது என்று கேட்ட ஒவ்வொரு முறையும் நான் சொன்னது அந்த ஒரு சொல்லைத்தான். தெரியாது. அந்தச் சொல்தான் என்னை உயிரோடு இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது. எந்தப் பக்கத்துக்காரன் கேட்டாலும், உண்மை எதுவானாலும், தெரியாது. அந்தச் சொல்லால் ஊரில் நான் ஒருவரையும் கெடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் தரைக்கு வக்கூம் மெஷின் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை" என்றேன்.

சுப்பவைசர் அதை எழுதினார். நான் கையொப்பம் வைத்தேன். கொழும்பில் கடிதத்துக்குக் காத்திருக்கிறவளை நினைத்துக்கொண்டுதான் வைத்தேன். ஆனால் அதை ஒரு காரணமாக இப்போது சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் பயந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் லொக்கர் அறையில் அக்கா தன் வேலைச் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு இடம் வந்தால் கூப்பிடுவோம் என்று சொன்னார்களாம். நான் கையொப்பம் வைத்த கடதாசியை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்கு ஏன் பிழைத்தது என்று யோசிக்கிறவர் போல என்னைப் பார்த்தார்.

"மெஷின் ஓடவில்லையே" என்றார்.

நான் கையிலிருந்த துணியை மடித்தேன். அவர் கோட்டைப் பூட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வாசலில் வழமைபோல எனக்குத் தலையசைத்தார்.

கண்காட்சி மேலும் ஆறு வாரம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு மாணவன் வந்து நின்றான். அவனோடு நான் கதைக்கவில்லை. முடிந்த மறுநாள், பொருட்களைப் பெட்டிகளில் போட்டுக் கொண்டுபோன பிறகு, சுவரிலும் கூண்டுகளிலும் ஒட்டியிருந்த சீட்டுகளைச் சுரண்டி எடுப்பது என் வேலையாயிற்று. சுடுதண்ணீரும் தகட்டுக் கத்தியும் தந்தார்கள். அன்பளிப்பு என்று எழுதியிருந்த அந்தச் சீட்டையும் நான்தான் சுரண்டினேன். லேசாக வந்துவிட்டது. நான்கு மாதமாக ஒட்டியிருந்த, ஒரு மனுசி மாற்றக் கேட்ட சீட்டு, அரை நிமிடத்தில் குப்பைப் பைக்குள் போயிற்று.

மனைவிக்கு விசா வர மேலும் ஒரு வருடம் எடுத்தது. அவள் வந்திறங்கிய நாள், டோர்வல் விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றேன். கதவுகள் திறந்து முதலில் வந்தது சக்கர நாற்காலியில் ஒரு முதியவர். அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அக்கா. மஞ்சள் பட்டி போட்ட வேறொரு சீருடை. கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் மனைவி இரண்டு பெட்டிகளோடு வந்துவிட்டாள்.

படத்தில் பார்த்த முகத்தை அக்கா மறக்கவில்லை. "இவளா?" என்று கேட்டு, மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உன்னைப் பற்றி உன் புருஷன் தினமும் சொல்வான், நல்லாய் இருங்கள் என்றார். மனைவிக்குப் பாதிதான் விளங்கியது. சிரித்தாள்.

"அக்கா, அன்றைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"அவள் களைத்திருக்கிறாள். கூட்டிக்கொண்டு போ" என்றார். நாற்காலியில் இருந்த முதியவர் திரும்பிப் பார்த்தார். அக்கா தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"ஆர் அவா?" என்று மனைவி கேட்டாள்.

"முந்தி ஒண்டா வேலை செய்தவா."

"நல்ல மனுசி போல."

"ஓம்" என்றேன்.

நடந்ததை மனைவியிடம் சொல்ல எனக்கு எட்டு மாதம் எடுத்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ பேச்சில் கோட்டைகளைப் பற்றி வந்து, சொல்லத் தொடங்கி, நிறுத்த முடியாமல் முழுவதையும் சொல்லிவிட்டேன். தங்கத்தூள், ஆசனம், தகடு, நான் கையொப்பம் வைத்த கடதாசி எல்லாம். அவளுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எங்கேயோ ஒரு இடத்தில் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"எனக்காக எண்டு சொல்லாதேங்கோ. என்னைக் கேட்டிருந்தா நான் உண்மையைச் சொல்லச் சொல்லியிருப்பன். அண்டைக்கு ஏர்போட்டில ஏன் சொல்லேல்லை?"

"அவா கதைக்க விடேல்லை."

"அவா விடேல்லையோ, நீங்கள் விட்டிட்டு வந்தீங்களோ?"

கோபமாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு, போய்ச் சொல்லிவிட்டு வாங்கோ என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பஸ் மாறி டோர்வலுக்குப் போனேன். சக்கர நாற்காலி தள்ளுகிறவர்கள் காத்திருக்கும் மூலையில் இரண்டு பேர் இருந்தார்கள். அடையாளம் சொல்லி விசாரித்தேன். அவர் வேலையை விட்டு மூன்று மாதமாகிறது என்றார்கள். மகளோடு இருக்க மேற்கே கல்கரி நகரத்துக்குப் போனதாக ஒருவர் சொன்னார். இல்லை, குமாசிக்கே திரும்பிவிட்டார், பெட்டி கட்டும்போது தானே உதவி செய்ததாக மற்றவர் சொன்னார். விலாசம் இருவரிடமும் இல்லை. ஏதாவது செய்தி இருந்தால் சொல்லிவிட்டுப் போ, தற்செயலாக அவர் தொலைபேசியில் எடுத்தால் சொல்கிறோம் என்றார்கள்.

நான் சொல்ல வந்ததை இன்னொருவர் மூலம் சொல்ல முடியாது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.